மாராயி கழற்றிக் கொடுத்த சட்டை

எல்லா உயிர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் மனிதர்களுக்கு உச்சந்தலை முதல் கணுக்கால் வரை அடர்த்தியான முடி. நாய்க்கோ பேருக்கு ஒரு முடிகூடக் கிடையாது. வேகவைத்துத் தோலுரித்த பனங்கிழங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் தங்கள் முன்கையில் மிச்சமிருக்கிற பூனைமுடியை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

மனிதர்களின் முடி இப்போதுபோல் தோலில் வேர்விட்டிருக்கவில்லை. சட்டை மாதிரி மேலே போர்த்தியிருந்தது. முன்பக்கம் திறப்பு, தொண்டைக்குழிக்குக் கீழே ஒரு முடிச்சு. முடிச்சை அவிழ்த்தால் போதும், கழன்று வந்துவிடும். ஆனாலும் அதை யாரும் அவிழ்த்ததில்லை. கழற்றிய சட்டைக்குள் வேறொரு உடம்பின் சூடு ஏறிவிட்டால் அது திரும்பி வராது. கழற்றியவருக்கு மட்டுமில்லை, அவர் வயிற்றில் பிறந்ததற்கும் இனிப் பிறக்கப்போவதற்கும் சேர்த்துப் போய்விடும். இதைத் தாய்ப்பாலோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் முடிச்சின் மேல் கைபட்டாலே பதறுவார்கள்.

நாய்க்கு வெயில் காலத்தில்தான் வாழ்க்கை. பனி இறங்கிவிட்டால் எங்காவது பொந்தில் சுருண்டு கிடக்க வேண்டியதுதான். பனியில் வெளியே போன நாய் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

மலைச்சரிவில் ஒரு குகையில் மாராயி என்கிற பெண் இருந்தாள். புருஷன் பெயர் சடையன், தேன் எடுக்கிறவன். பெரிய மீசைக்காரன். அதைத் தடவிவிடாமல் ஒரு வார்த்தை பேசமாட்டான். அவர்களுக்குச் சிட்டு என்றொரு பெண் குழந்தை. அப்போதுதான் தவழக் கற்றுக்கொண்டு, ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தது.

குகை வாசலுக்குப் பக்கத்தில் அடுப்புச் சாம்பல் கொட்டுகிற குழி ஒன்று உண்டு. அந்த வருஷம் பனி தொடங்கியதும் அதில் ஒரு நாய்க் குடும்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. மொட்டையன் என்கிற ஆண் நாய், அதன் பெண்டாட்டி, கண் திறக்காத குட்டிகள். வேட்டைக்கு உதவாத, காவலுக்கு உதவாத இந்தக் கூட்டத்தை எதற்கு வைத்துக்கொள்வது என்று சடையன் தினமும் ஒரு மூச்சுக் கத்திவிட்டுத்தான் தேனெடுக்கப் போவான். மாராயி காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். அடுப்பு அணையும் நேரத்தில் சூடான சாம்பலை அள்ளிக்கொண்டு போய்க் குட்டிகளைச் சுற்றிக் கொட்டிவிட்டு வருவாள். நாய் மேல் அப்படியொன்றும் பாசம் பொங்கிவிடவில்லை. குட்டிகள் சிணுங்கினால் அவளுக்குத் தூக்கம் கெட்டது, அவ்வளவுதான் விஷயம்.

ஒரு நாள் விடிந்ததும் சடையன் மேட்டுக்கு அந்தப்பக்கம் போய்விட்டான். மாராயி குழந்தையைப் பக்கத்தில் விட்டுவிட்டுக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். கிழங்கு ஒன்று பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டிப் பிடுங்கி எடுத்துவிட்டுத் திரும்பினால் சிட்டுவைக் காணோம்.

முதலில் அவள் பயப்படவில்லை. இங்கேதான் எங்காவது தவழ்ந்துகொண்டிருக்கும் என்று புல்லை விலக்கிப் பார்த்தாள். பிறகுதான் ஓடி ஓடித் தேடினாள். காய்ந்த புல்லின் நிறம்தான் குழந்தையின் முடிக்கும். அதற்கு மேல் மூடுபனி வேறு நீட்டிய கையை மறைத்துக்கொண்டு நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பேசுகிற வயதும் இல்லை. அந்தச் சரிவின் கடைசியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அங்கே பாறை முடிந்து பள்ளம் ஆரம்பிக்கும். போன மழையில் ஒரு காட்டெருமையே அதில் விழுந்து போயிருந்தது.

அவள் ஓடியது சாம்பல் குழிக்கு. ஓடும்போது தோன்றியது இதுதான்: கண்ணுக்குத் தெரியாததை மூக்கால் கண்டுபிடிக்கிற பிறவி இந்த மலையில் நாய் ஒன்றுதான். ஆனால் குழியருகே வந்து நின்றதும் அவளுக்கு வாய் வரவில்லை. புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அந்த வழவழ உடம்போடு இதில் இறங்கு என்று எப்படிக் கேட்பது? என் பிள்ளைக்காக நீ செத்துப்போ என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதானே. மூச்சு வாங்க நின்றுகொண்டு, கையைப் பிசைந்துகொண்டு, அவள் குட்டிகளையே பார்த்தாள்.

மொட்டையன் அவள் முகத்தைப் பார்த்தது, காலியாக இருந்த இடுப்பைப் பார்த்தது. புரிந்துகொண்டு எழுந்தது. பெண்டாட்டி நாய் அதன் காலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. போன பனிக்கு என் அண்ணன் இப்படித்தான் போனான், விறைத்துக் கிடந்தவனைத்தான் பார்த்தேன் என்று அழுதது. மொட்டையன் காலை மெல்ல விடுவித்துக்கொண்டது.

மொட்டையன்தான் பேசியது.

“நான் கேட்டா அக்கா நீ சாம்பல் கொட்டினே? வா, போவோம்.”

மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு அது முன்னால் போனது, மாராயி பின்னால் ஓடினாள். பனிப்புல் அதன் தொடையிலும் விலாவிலும் கோடு கோடாகக் கிழித்தது. முதலில் தோல் சிவந்தது, அப்புறம் நீலம் பாய்ந்தது. கொஞ்ச தூரத்துக்கெல்லாம் பின்னங்கால் இழுத்துக்கொண்டுவிட்டது. திரும்பிவிடு என்று சொல்ல மாராயிக்கு நாக்கு நுனி வரை வந்தது. பிள்ளையை நினைத்து விழுங்கிவிட்டாள். அதை நினைத்துப் பிற்காலத்தில் அவள் வெட்கப்பட்டதுண்டு. பெற்றவளைப் போய் யார் குறை சொல்வது?

மூடுபனி விலகிய ஒரு கணத்தில் சிட்டு தெரிந்தது. பள்ளத்தின் உதட்டில், கீழ்நோக்கிச் சரிந்த ஒரு வழுக்குப் பாறையின் மேல் உட்கார்ந்து, ஊர்ந்துபோகிற ஒரு பொன்வண்டைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. மாராயி கூப்பிடப் போனாள். மொட்டையன் வேண்டாம் என்று தலையசைத்தது. அம்மா குரல் கேட்டால் குழந்தை திரும்பும், திரும்பினால் வழுக்கும். மாராயி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாய் அந்த உறைந்த பாறையில் வயிற்றை வைத்துப் படுத்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்து போனது. நினைத்தாலே நமக்கு வயிறு கூசுகிறது. வண்டு பறந்தது, குழந்தை அதன் பின்னால் எம்பியது. அதே நேரத்தில் மொட்டையன் குழந்தையின் பிடரி முடியைக் கவ்விவிட்டது. தன் குட்டியைத் தூக்குவதுபோலவே, பல் படாமல் கவ்வி, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, சிட்டுவை அம்மாவின் காலடியில் கொண்டுவந்து விட்டது. அப்புறம் அப்படியே சாய்ந்துவிட்டது.

மாராயி பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு நாயைத் தொட்டுப் பார்த்தாள். ஆற்றுக் கல்லைத் தொட்டது போலிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. குகைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் வழியிலேயே உயிர் போய்விடும். அங்கே சாம்பலும் இந்நேரம் ஆறியிருக்கும்.

அவள் கை தொண்டைக்குழிக்குப் போனது.

தாயும் தாய்க்குத் தாயும் சொல்லி வைத்ததெல்லாம் அவளுக்கு நினைவு வராமல் இல்லை. எல்லாம் வந்தது. சிட்டுவின் பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள், இன்னும் முகம் தெரியாத அத்தனை பேரும் குளிரில் நிற்பதும் தெரிந்தது. ஆனால் அந்தச் சிட்டு இப்போது இடுப்பில் இருக்கிறதே, அது யாரால்? அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

சட்டை தோளிலிருந்து நழுவியது, கையிலிருந்து கழன்றது. தலையில் மட்டும் வரவில்லை. பயந்துபோயிருந்த சிட்டு இரண்டு கையாலும் அம்மாவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிள்ளையின் பிடியை யார் பிரிப்பது? அந்த இடம் மட்டும் கிழிந்து அவளோடு நின்றுவிட்டது. வேறு சில இடங்களிலும் அவசரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. அதையெல்லாம் விலாவாரியாகக் கேட்கக்கூடாது.

அவள் அதை நாயின் மேல் போர்த்தி, திறப்பு வயிற்றுப் பக்கம் வரும்படி சுற்றி, இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய ஆளின் சட்டை சின்ன உடம்புக்கு எப்படிப் பொருந்தும்? கழுத்தில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. நாயின் பிடரித் தோல் இன்றைக்கும் ஒரு கைப்பிடி அதிகமாக இருப்பது அதனால்தான். வயிற்றில் இரண்டு ஓரமும் எட்டவில்லை, அங்கே வெறுமையாகவே நின்றுவிட்டது. மூக்கு நுனிக்கும் சட்டை போதவில்லை. கொஞ்ச நேரத்தில் சட்டைக்குள் ஒரு நடுக்கம் வந்தது. அப்புறம் ஒரு பெருமூச்சு. நாயின் கண் திறந்தது.

மாராயி ஓவென்று அழுதாள். பிள்ளை கிடைத்த அழுகையை அவள் அதுவரை அழவே இல்லை. இரண்டுக்கும் சேர்த்து அழுதாள். அழுது முடிந்தபோதுதான் தன் தோளில் காற்றுப் படுவதை உணர்ந்தாள். குளிர் என்றால் என்னவென்று மனித குலத்தில் முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் சடையன் தேனோடு வந்தான். அடுப்பருகே மரப்பட்டையை உரித்து மரவுரியாகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் மலையே அதிரக் கத்தினான். நாய்க்குப் போய் வம்சத்தின் சொத்தைக் கொடுத்துவிட்டாயே என்றான். மாராயி வழுக்குப் பாறையையும் பொன்வண்டையும் பற்றி மட்டும் சொன்னாள். குழியில் குட்டிகளுக்கு நடுவே, அம்மாவோடு சேர்த்துத் தன் முடியும் கழன்றுபோன சிட்டு மரவுரித் துண்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. சடையன் அதைப் பார்த்தான். பிறகு தேன் குடுக்கையைக் கீழே வைத்துவிட்டு, தன் முடிச்சை அவிழ்த்தான். மீசையை மட்டும் கையால் கெட்டியாகப் பொத்திக்கொண்டான். மாராயி பார்த்துவிட்டுச் சிரித்ததற்கு, “அது இருக்கட்டும்” என்றான்.

அவனுடைய சட்டை பெண் நாய்க்கும் குட்டிகளுக்கும் ஆயிற்று. கடைக்குட்டிக்குப் பங்கு வரும்போது சட்டை தீர்ந்துவிட்டது. அதற்குக் கிடைத்தது மெல்லிய ஓரத் துண்டு மட்டும்தான்.

அடுத்த பனிக்காலம் வந்தது. மாராயி கிழங்குக்குக் கிளம்பினால் மொட்டையனும் கூடவே கிளம்பும். மனிதரும் நாயும் அவசரமில்லாமல் சேர்ந்து நடந்த முதல் நடை அதுதான். மாராயிக்கு ஆசை விடவில்லை. மரவுரி தைத்தபோது நாய்க்கும் ஒன்று தைத்து முதுகில் கட்டிவிட்டாள். மொட்டையன் நாலு காலையும் விறைப்பாக ஊன்றிக்கொண்டு, நகரவும் தெரியாமல், அவளை வருத்தப்படுத்தவும் மனமில்லாமல் நின்றது.

கடைசியில், “அக்கா, நீ ஏற்கெனவே போட்டுவிட்டாச்சு. மறந்துட்டியா?” என்றது.

அதைக் கழற்றிக் கடைக்குட்டிக்குப் போடச் சொன்னது. ஓரத் துண்டு கிடைத்த பாவம், அதற்கு உண்மையிலேயே குளிரும். குட்டியும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டது. அந்தக் குட்டியின் வழியில் வந்த மெல்லிய முடிக்கார நாய்கள் இன்றைக்கும் பனியில் நடுங்கும். அவற்றுக்கு ஒரு சட்டை போட்டுக் கூட்டிப் போகிறவர்களை யாரும் கேலி செய்ய வேண்டாம். வயதாகிப்போன நாய்க்கும் போடலாம். மற்றவை நம் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நடக்கின்றன.

அன்று நடக்கும்போது காற்று வீசியது. மாராயியின் கையில் தோல் புள்ளி புள்ளியாக எழும்பி நின்றது. மொட்டையன் அதை உற்றுப் பார்த்தது. இழந்த முடியைத் தோல் எட்டி எட்டித் தேடுகிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து தன் கழுத்தைக் காலால் பிறாண்டு பிறாண்டு என்று பிறாண்டியது. முடிச்சு இருந்த இடமே தெரியவில்லை. தரையில் புரண்டது, முதுகை மரத்தில் தேய்த்தது, உடம்பை உலுக்கு உலுக்கு என்று உலுக்கியது. சட்டை அசையவில்லை. அதன் சூடு ஏறி அதன் தோலாகவே ஆகிவிட்டிருந்தது.

என்ன செய்கிறாய் என்று மாராயி கேட்டாள். திருப்பித் தரப் பார்க்கிறேன் என்றது நாய். எனக்கு வேண்டாம், நான் மனசறிந்து கொடுத்தது என்றாள் அவள். மொட்டையன் கேட்கவில்லை. உலுக்கியதில் உதிர்ந்த நாலைந்து முடி அதன் மேலேயே கிடந்தது. எழுந்து வந்து அவள் காலில் விலாவை அழுத்திச் சாய்ந்து, ஒரு தேய் தேய்த்தது. முடி மரவுரியில் ஒட்டிக்கொண்டது. சாய்ந்த இடம் கதகதவென்று இருந்தது.

“மொத்தமா வரல அக்கா. நான் கொஞ்சங்கொஞ்சமாத் தந்துடுறேன்.”

மாராயி குனிந்து அதன் பிடரி மடிப்பில் முகத்தை வைத்துக்கொண்டாள். தன் பிள்ளையை மீட்டுக் கொடுத்தது போதாதென்று இன்னும் கொடுக்க நிற்கிற ஜீவன் அது. அன்றைக்குத் தொடங்கியதுதான், வெளியே கிளம்பி நிற்கிறவரின் காலில் நாய் வந்து உரசிக்கொள்வதும், தட்டத் தட்டப் போகாமல் அதன் முடி நம் துணியில் ஒட்டிக்கொள்வதும். நம்முடையதை அது நமக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.