பக்கத்து வீட்டுக்காரர் கருத்து

பேரூராட்சித் தலைவர் ஏகாம்பரத்துக்கு மக்களின் கருத்தை அறிய ஆசை வந்தது. அவர் மச்சான் கட்சிக்கொடி கட்டிய ஜீப்பில், நாலு அடியாட்களோடு போய்க் கேட்டார். என்ன ஆச்சரியம், ஊரே ஆதரவு! எதிர்க்கட்சிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தலைவர் அலுவலகம் கூட்டும் செண்பகவல்லியைக் கூப்பிட்டார். "நீ போய்க் கேளு. எல்லாரும் என்னைத்தான் பிடிக்கும்னு சொல்லணும். ஊரும் அதை நம்பணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

மறுநாள் வந்து சொன்னாள். "நூறு வீட்லயும் உங்களைத்தான் பிடிக்குமாம் ஐயா."

தலைவர் மீசையைத் தடவினார்.

"பக்கத்து வீட்ல என்ன பேசிக்கிறாங்கன்னும் கேட்டேன். அவங்கதான் உங்களைக் கண்டபடி திட்டுறாங்களாம். நூறு வீட்லயும் இதே பதில்."

"என் வீட்ல கேட்டியா?"

"உங்க வீட்டம்மாவும் அதேதான் சொன்னாங்க. ஆனா உங்களுக்கு இருக்கிறதே ஒரு பக்கத்து வீடு. அதுவும் மூணு வருஷமாப் பூட்டிக் கிடக்குதுங்களே ஐயா!"