எமரன்சி கேட்ட வல்லமை

எமரன்சி போகாத தியானக் கூட்டம் இல்லை. ஒன்றிலும் அவள் விழவில்லை.

மற்றவர்கள் விழுந்தார்கள். தியானம் கொடுக்கிற சாமியார் நெற்றியில் கை வைத்ததும் ஆண் பெண் என்றில்லாமல் சாய்ந்தார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் தேம்பினார்கள். சிலர் யாருக்கும் புரியாத பாஷையில் பேசினார்கள். எழுந்தபின் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: பரிசுத்த ஆவியின் வல்லமை இறங்கியது.

விழுகிறவர்களின் மண்டை உடையாமல் இருக்கப் பின்னால் ஆள் நிற்க வேண்டும். எமரன்சிக்கு நல்ல கட்டுமஸ்தான உடம்பு. திண்டுக்கல் வட்டாரத்தில் எங்கே கூட்டம் நடந்தாலும், அவள் தலையைக் கண்டதும் யாராவது ஓடிவந்து சொல்லிவிடுவார்கள்: "அக்கா, நீங்க பின்னாடி நில்லுங்க."

நின்றாள். எத்தனை பேரைத் தாங்கியிருப்பாள்! மூட்டை மாதிரி விழுகிறவர்கள், பஞ்சு மாதிரி விழுகிறவர்கள், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பின்னால் ஆள் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு விழுகிறவர்கள். கடைசியில் அவள் முறை வரும். சாமியார் கை வைப்பார். கொஞ்சம் அழுத்துவார். இன்னும் கொஞ்சம் அழுத்துவார். அவள் நட்ட கல்லாக நிற்பாள்.

பொய்க்கு விழலாம் என்றால் அதுவும் வந்து தொலையவில்லை.

விழுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. விழுந்தால் கிடைக்கும் என்கிறார்களே, அது வேண்டும். வீட்டில் இன்னாசிமுத்து படுத்திருந்தார்.

இன்னாசிமுத்து அவள் புருஷன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பழனியில் அவர் 'ரைட்' என்றால் ஒட்டன்சத்திரத்தில் கேட்கும், அப்படிக் குரல். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது காலையும் வலது கையையும் எடுத்துக்கொண்டது. போகிற போக்கில் பேச்சையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் இருவரும் வேலை பார்க்கிற ஊரிலிருந்து வந்து அழுதுவிட்டுப் போனார்கள். டாக்டர்கள் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்றார்கள். இப்போது அதையும் சொல்வதில்லை.

எமரன்சி காலையிலும் மாலையிலும் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தாள். வேளாங்கண்ணி எண்ணெயைத் தேய்த்தாள். எழுந்து நடக்கச் சொல்லி உத்தரவு போட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

இந்த மனுஷனை எழுப்புகிற வல்லமை. அது ஒன்றுதான் அவள் கடவுளிடம் கேட்டது. பணிவாகக் கேட்டாள், அழுது கேட்டாள், ரேஷன் கடையில் கேட்கிற மாதிரி அதட்டியும் கேட்டுப் பார்த்தாள்.

"மடத்து சிஸ்டர் பெனடிக்டாவைப் போய்ப் பாருங்க" என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள்.

சிஸ்டர் பெனடிக்டா வியாழக்கிழமைதோறும் பெண்களுக்கு ஜெப வகுப்பு நடத்தினார். அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வந்தவர்கள், தலைச்சுமையை இறக்கிவைத்த முகத்தோடு திரும்பினார்கள்.

எமரன்சிக்குத்தான் கொஞ்சம் இடித்தது. சிஸ்டர் பெனடிக்டா வேறு யாருமில்லை, போர்டிங்கில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அடைக்கலமேரி. வகுத்தல் கணக்கு கடைசிவரை வராத அடைக்கலம். எமரன்சிதான் போட்டுக் கொடுப்பாள், மீதி என்ன என்பதைக்கூட அவள்தான் காதில் சொல்வாள். இன்றைக்கு ஊரே அந்த அடைக்கலத்திடம் வழி கேட்கிறது.

கேட்கட்டும். காரியம் நடந்தால் சரி.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் எமரன்சி மடத்துப் பின்கட்டுக்குப் போனாள். பெனடிக்டா முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம்."

"இங்க யாரும் இல்லை. அடைக்கலம்னே சொல்லு."

எமரன்சி எதிரே உட்கார்ந்து, தானும் ஒரு கொத்தை எடுத்தாள். "அடைக்கலம், வல்லமையை எப்படிடி வாங்கறது?"

"எதுக்கு?"

"எதுக்கா? அவரை எழுப்ப."

"கேட்டியா?"

"கேட்காத நாள் இல்லை. தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. எல்லாருக்கும் வருது. பூசையில மணி அடிச்சா உக்காரணுமா எந்திரிக்கணுமான்னு தெரியாம முழிக்கிறவளுக்கெல்லாம் வருது. எனக்கு வரலை."

"வந்தா உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னடி? வல்லமைன்னா சும்மாவா?"

பெனடிக்டா சிரித்தார். "நமக்கு உறுதிபூசுதல் கொடுத்த நாள் ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன. பரிசுத்த ஆவியைப் பெறுகிற சடங்கு.

கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைக் கவுன். தலையில் முக்காடு, அதில் குத்தின ஊசி காதோரம் உறுத்திக்கொண்டே இருக்கும். கோயில் வாசலில் வாழைமரம். மேற்றிராணியார், அதான் பிஷப், கறுப்புக் காரில் வந்து இறங்கினார். பரிசுத்த ஆவிக்கு அப்போது இஸ்பிரீத்துசாந்து என்று பெயர். பெயரைக் கேட்டாலே முதுகுத்தண்டு சிலிர்க்கும். அவர் நெருப்பு நாக்காக வந்து தலையில் உட்காருவார் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தார்கள். முடி பொசுங்கிப்போகும், எண்ணெய் வைக்காதீர்கள் என்று எமரன்சி சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தி, பாதிப் பேர் பரட்டைத் தலையோடு வந்து போர்டிங் மதரிடம் அடி வாங்கினார்கள்.

மேற்றிராணியார் நெற்றியில் எண்ணெய் பூசினார். விசுவாசத்துக்காக அடிபடவும் தயாராக இரு என்பதற்கு அடையாளமாகக் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார். பெஞ்சுக்குத் திரும்பியதும் எமரன்சி கிசுகிசுத்தாள்: "ஏதாச்சும் வந்துச்சாடி?"

"அடிதான் வந்துச்சு" என்றாள் அடைக்கலம்.

அவ்வளவுதான். அடக்கின சிரிப்பு மூக்கு வழியாகப் பீறிட்டது. மேற்றிராணியார் போகிறவரை பொறுத்திருந்து, மதர் இருவரையும் சாப்பாட்டு அறை வாசலில் நிற்க வைத்தார்கள். உள்ளே மற்றவர்கள் சீனி தூவின பன் தின்கிற வாசனை வந்தது. வெளியே நின்றுகொண்டும் சிரிப்பு நிற்கவில்லை.

"அந்த பன் வாசனை..." என்றாள் எமரன்சி. கை கீரையிலேயே நின்றிருந்தது. "இப்ப எந்த பேக்கரியிலயும் அது இல்லை. கன்னத்துல தட்டறதையும் நிறுத்திட்டாங்க. ஒண்ணொண்ணா எடுத்துட்டாங்கடி."

"அன்னைக்கே நமக்கு வல்லமையைக் கொடுத்தாச்சுன்னு படிச்சோமே."

"படிச்சோம். எனக்கு எங்க வச்சேன்னு தெரியலை."

பெனடிக்டா முறத்தைத் தட்டிக் காம்புகளை ஒதுக்கினார். "சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்."

எமரன்சி பறந்துபோய் வீட்டைக் கழுவினாள். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். எண்ணெய், மந்திரித்த தண்ணீர், ஜெபமாலை எல்லாம் ஸ்டூலில் வரிசையாக வைத்தாள். கை வைத்து ஜெபிக்க வசதியாகத் தலைமாட்டில் நாற்காலி போட்டாள். இன்னாசிமுத்துவுக்குத் தலைசீவி, முகத்துக்குப் பவுடர் போட்டு, "வர்றவ பெரிய ஆளு, சும்மா சும்மா கொட்டாவி விடாதீங்க" என்று எச்சரித்தாள்.

பெனடிக்டா வந்தார். நாற்காலியை நகர்த்தி இன்னாசிமுத்துவின் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். காபி கேட்டார். குடித்தார். எண்ணெயையும் தண்ணீரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கண்டக்டர் சார், நாங்க போர்டிங் பிள்ளைங்க லீவுக்கு ஊருக்குப் போறப்ப உங்க பஸ்ஸுலதான் ஏறுவோம். ஞாபகம் இருக்கா?"

இன்னாசிமுத்துவின் வாய் ஒரு பக்கமாக நகர்ந்தது. "ஆ..."

"இருக்குங்கறார்" என்றாள் எமரன்சி.

"இவ ஒருதரம் கோழிக்குஞ்சை டிபன் பாக்ஸ்ல வச்சுக் கொண்டுவந்தாளே, அதுக்கும் டிக்கெட் போடுவேன்னு சொன்னீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதி முகம் சிரித்தது. "பா... பா..."

"பாவம்னு விட்டுட்டேங்கறார்."

பெனடிக்டா திரும்பினார். "எமரன்சி, ஆள் இறங்கறதுக்கு முன்னாடியே நீ விசில் ஊதற."

"அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சுரும்டி. எனக்கு அடுப்புல உலை இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கை வைக்க மாட்டியா?"

"இரு."

கோயிலில் சாயங்கால மணி அடித்தது. மூவரும் மூவேளை ஜெபம் சொன்னார்கள். இன்னாசிமுத்து உதட்டை மட்டும் அசைத்தார்.

ஜெபம் முடிந்தது. அவருடைய இடக்கை விரிப்பை விட்டு மேலே எழுந்தது. காற்றில் ஆடிக்கொண்டு எமரன்சி பக்கம் நீண்டது.

எமரன்சி தயாராக இருந்தாள். டம்ளரை எடுத்து அந்தக் கையில் திணித்தாள். கை அதைப் பிடிக்கவில்லை. தண்ணீர் புது விரிப்பில் கொட்டியது.

"பார்த்தியா? தினம் இதே கூத்து. மணி அடிச்சதும் தண்ணி கேப்பார். கொடுத்தா குடிக்க மாட்டார். கொட்டுவார்."

"குடிக்காத மனுஷனுக்கு ஏன் கொடுக்கற?"

"வேற என்னத்தக் கேக்கப்போறார்?"

பெனடிக்டா அந்தக் கையைப் பார்த்தார். கை இன்னும் தூக்கினபடியே இருந்தது.

"நல்லா இருந்தப்ப இந்த நேரத்துக்கு என்ன செய்வார்?"

"என்ன செய்வார்? டூட்டி இல்லாத நாள்னா ஜெபமாலை சொல்வார். தெருவே கேக்கும். பக்கத்து வீட்டு ஆளுங்ககூட 'அருள் நிறைந்த மரியே'யைப் பாடமாக்கிட்டாங்க." எமரன்சி விரிப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "முடிஞ்சதும் பிள்ளைங்க வரிசையா நிக்கும். 'தோத்திரம் அப்பா, தோத்திரம் அப்பா'ன்னு ஒரே தள்ளுமுள்ளு. நெத்தியில கட்டைவிரலால சிலுவை போடுவார். சின்னவனுக்கு முதல்ல போட்டா பெரியவ அழுவா."

"உனக்கு?"

"எனக்கேது நேரம்? நான் அடுப்படியில கிடப்பேன். அவரேதான் வருவார். 'இன்னும் ஒரு ஆள் டிக்கெட் எடுக்கலை'ன்னு சத்தம் போட்டுக்கிட்டே வருவார். நான் குழம்பைக் கிண்டிக்கிட்டே நெத்தியை மட்டும் அந்தப் பக்கம்..."

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

பெனடிக்டா நாற்காலியை விட்டு இறங்கினார். கட்டில் சட்டத்தைப் பிடித்து, ஒவ்வொரு முழங்காலாக, வலியோடு தரையில் ஊன்றினார். முக்காட்டை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுத் தலையைத் தாழ்த்தினார்.

"தோத்திரம், அண்ணா."

இன்னாசிமுத்துவின் கை வழி மாறி பெனடிக்டா பக்கம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. எமரன்சி பொறுக்கமாட்டாமல் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுவந்து வைக்கப் போனாள்.

"தொடாதே" என்றார் பெனடிக்டா, தலை நிமிராமல்.

கட்டைவிரல் முதலில் மூக்கில் முட்டியது. பிறகு புருவத்தைத் தடவிக்கொண்டு மேலேறியது. நெற்றியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இளைப்பாறியது. குறுக்கே இன்னொரு கோடு, காற்றில் சாய்ந்த கம்பம் மாதிரி. அவர் வாய் என்னவோ சொன்னது. இந்த முறை எமரன்சி அதற்கு அர்த்தம் சொல்லவில்லை.

பெனடிக்டா தன்மேலும் சிலுவை போட்டுக்கொண்டார். கை திரும்பவும் விரிப்புக்குப் போகவில்லை. எமரன்சி பக்கம் திரும்பி நின்றது.

"இடக்கைடி அது" என்றாள் எமரன்சி. "இடக்கையால யாராச்சும் ஆசீர்வாதம் பண்ணுவாங்களா?"

"அவர்கிட்ட இருக்கிற கை அதுதானே."

"ஒரு வருஷமா நான் தண்ணி டம்ளரை..." கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அந்த நேரத்திலும் விட மனசில்லாமல் கேட்டாள்: "நான் அவரை எழுப்பத்தானே வல்லமை கேட்டேன். அவர் எந்திரிப்பாரா, அடைக்கலம்? அதைச் சொல்லு."

பெனடிக்டா சட்டத்தைப் பிடித்து எழுந்து, கட்டிலோரத்தில் இடம் விட்டு நின்றார்.

"தெரியாதுடி. அவருக்குக் கை கடுக்குது பாரு. முழங்கால் போடு."