நரி விற்ற நல்ல சர்க்கரை

மூங்கில் காட்டில் வடிவு என்ற கரடி இருந்தாள். கேக் சுடுவதில் அவளை அடிக்க ஆளில்லை. மண் அடுப்பிலிருந்து அவள் கேக்கை எடுத்தால் குளத்துக்கு அந்தப் பக்கம் மேய்கிற மான்கூட மூக்கை நிமிர்த்தும்.

ஆனால் அவள் புருஷன் கொம்பையாவுக்கு அதில் ஒரு துண்டுகூடக் கிடையாது. அவனுக்குச் சர்க்கரை நோய். காலில் குத்திய முள் புண்ணாகி ஆறாமலே கிடந்தது.

"தேன், இனிப்பு எதையும் தொடக் கூடாது! தொட்டால் காலை எடுக்க வேண்டி வரும்!" என்று கொக்கு வைத்தியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒரு கரடியிடம் போய்த் தேனைத் தொடாதே என்றால்? ஆனாலும் கொம்பையா தொடவில்லை. தேன்கூட்டைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தான், பாவம். புண்ணும் மெல்லக் காயத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் சிங்காரம் என்ற நரி சந்தையில் கடை போட்டான். பழுப்பு நிறச் சர்க்கரையை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தான்.

"ஆர்கானிக் கரும்புச் சர்க்கரை! உரம் போடாத கரும்பு, மருந்து அடிக்காத கரும்பு! வெள்ளைச் சீனிதான் விஷம், இது அமிர்தம்!" என்று கூவினான்.

"தம்பி, எங்க வீட்டுக்காரருக்குச் சுகர். அவருக்கு இது ஆகுமா?" என்று கேட்டாள் வடிவு.

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! சுகர் உள்ளவங்களுக்குன்னே கொண்டு வந்த சரக்கு இது! இயற்கையா விளைஞ்சது உடம்பை என்ன பண்ணிடும்? தாராளமாப் போடுங்க!"

வாய் கூசாமல் சொன்னான்! வடிவு நம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து, பரல் பரலாக இருந்த சர்க்கரையை உரலில் இடித்தாள். சலித்து, கேழ்வரகு மாவோடு கலந்து கேக் சுட்டாள். கொம்பையா கண்ணை மூடிக்கொண்டு தின்றான்.

"வடிவு, இன்னொண்ணு போடு!"

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க! இது நல்ல சர்க்கரைதானே!"

வெள்ளைச் சீனி என்றால் தட்டையே பிடுங்கியிருப்பாள். நல்ல சர்க்கரை ஆயிற்றே! தினமும் சுட்டாள், தினமும் வைத்தாள்.

கொஞ்ச நாளில் புண் பெருத்தது. கால் வீங்கியது. கொம்பையாவால் எழுந்து நிற்க முடியவில்லை. கொக்கு வைத்தியர் ஓடி வந்தார்.

"என்னம்மா கொடுத்தே?"

"கெட்டது எதுவும் கொடுக்கலீங்க ஐயா. ஆர்கானிக் சர்க்கரைதான்."

"கரும்பை எப்படி விளைவித்தால் என்ன? உள்ளே போனால் எல்லாம் சர்க்கரைதான்! கருப்பட்டியும் அப்படித்தான், தேனும் அப்படித்தான்! இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கால் தங்கியிருக்காது!"

வடிவுக்கு அப்போதுதான் நரியின் புளுகு புரிந்தது. 'என் கையாலேயே கொடுக்க வைத்துவிட்டானே, படுபாவி!' மிச்சமிருந்த கேக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடந்தாள்.

"சிங்காரம்! உன் சர்க்கரையில சுட்ட இந்தக் கேக்கைத் தின்னு என் புருஷன் எழுந்திரிக்க முடியாமக் கிடக்கிறாரு! என்னடா சரக்கு வித்தே?"

"சத்தம் போடாதீங்கக்கா! மாமா திருட்டுத்தனமா வேற எதையாவது தின்னிருப்பாரு. ஊரே வாங்குது, வேற யாருக்கு என்ன ஆச்சு?"

கடையில் நின்ற முயல் சிரித்தது. "கேக்கு சுடத் தெரியலைன்னு சொல்லு! சர்க்கரை மேல ஏன் பழி போடறே?"

கூட்டமும் நரிக்கே தலையாட்டியது. வடிவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அப்போது கடைக்குப் பின்னால் சாக்கின் மேல் படுத்திருந்த கிழட்டு நரி தலையைத் தூக்கியது. அது சிங்காரத்தின் அம்மா.

"யாரு, வடிவா? என்ன வாசனை! எனக்கும் ஒரு துண்டு கொடு தாயி. நாக்கு செத்துப் போச்சு."

எவ்வளவு கோபம் இருந்தாலும், வாய்விட்டுக் கேட்டவளுக்கு இல்லை என்று சொல்ல வடிவுக்கு மனசு வரவில்லை. ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

சிங்காரம் ஒரே பாய்ச்சலில் வந்து அதைத் தட்டிவிட்டான்.

"ஐயோ, கொடுக்காதீங்க! அம்மாவுக்குச் சுகர்! இதைத் தின்னா செத்துப் போயிடும்!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கூட்டம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது.

"உங்க அம்மாவுக்கு ஆகாது. என் புருஷனுக்கு மட்டும் ஆகுமாடா?" என்று கேட்டாள் வடிவு.

சிங்காரம் மூட்டைகளுக்குப் பின்னால் நழுவப் பார்த்தான்.

"அடப்பாவி, இப்படிச் சொல்லியா வித்தே?" என்று அவன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முயல் தன் பையிலிருந்த சர்க்கரையை அவன் காலடியிலேயே கொட்டியது. மற்றவர்களும் கொட்டினார்கள். அதன்பிறகு அந்தச் சந்தையில் அவனிடம் ஒரு மிளகாய்கூட யாரும் வாங்கவில்லை.

கொம்பையாவின் கால் தப்பியது. ஆனால் இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறான்.

தன் வீட்டாருக்குக் கொடுக்க அஞ்சுவதை அடுத்த வீட்டாருக்கு நல்லது என்று விற்கிறவனை ஒருநாளும் நம்பக் கூடாது.