ஆவுடை வைத்த ஏவல்

"என் தம்பியைக் கொன்னது நானா? அதை மட்டும் சொல்லுங்க."

வாசலில் நின்றபடியே கேட்டாள் ஆவுடை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்ததற்கு வாங்கவில்லை.

சடைச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பில்லியோ ஏவலோ, எதுவானாலும் எடுத்துப் போடுகிறவள் என்று அந்த மலையடிவாரத்தில் சடைச்சிக்குப் பெயர். வயது நாற்பதுதான். சிஷ்யை ஆவுடைக்கு ஐம்பத்திரண்டு. வித்தைக்கு முன்னால் வயதாவது ஒன்றாவது! மூன்று வருஷமாக மூத்தவள் இளையவளை அம்மா என்கிறாள். இளையவள் மூத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

"என்ன செஞ்சே?"

"ஏவல் வச்சேன்."

"எடுக்கத்தானே உனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

"எடுக்கத் தெரிஞ்சவளுக்கு வைக்கத் தெரியாதா?"

பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டவனுக்குப் பூட்டவும் தெரிந்துவிடுகிறது. இதற்கு எந்தக் குருவும் இன்றுவரை மருந்து கண்டுபிடிக்கவில்லை.

தளவாய் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. தன் மகளை அக்கா மகனுக்கே கட்டிக்கொடுப்பதாக, பிள்ளை தொட்டிலில் கிடந்தபோதே வாக்குக் கொடுத்தவன். பெண் வளர்ந்ததும் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு ஆவுடை ஒரு வருஷம் அவன் முகத்தில் விழிக்கவில்லை. ஆடியில் அவன் காய்ச்சலாகப் படுத்தான். அந்தச் சமயம் பார்த்து அவள் அவன் காலடி மண்ணைப் பிசைந்து ஏவலுக்குப் பொம்மை பிடித்தாள். ஒன்பதாம் நாள் அவன் போய்விட்டான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"சாகுற காய்ச்சல் இல்லைன்னுதான் சொன்னாரு. ஆனா நான் பொம்மை பிடிச்ச அன்னையிலேருந்து அவனுக்குப் பச்சைத் தண்ணி பல்லுல படல. பொண்டாட்டி ஊட்டப் போனா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். என் ஏவல்தாம்மா அவன் தொண்டையைக் கட்டிடுச்சு."

"பொம்மை எங்க?"

ஆவுடை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சடைச்சி பொம்மையை வாங்கி, கருப்பட்டி உடைப்பதுபோல் இரண்டாக உடைத்து, மண்ணை முகர்ந்து பார்த்தாள்.

"காலடி மண் எங்க எடுத்தே?"

"அவன் தொழுவத்துக்குப் போற பாதையில."

"செருப்புப் போட்டு நடக்கிறவனா?"

"ஆமா."

"அப்போ இது செருப்போட மண்ணு. ஆளைக் காட்டாது. தண்ணி?"

"தெருக் குழாயில பிடிச்சேன்."

"ஊரே குடிக்கிற தண்ணி. அதுக்கு ஒருத்தனை மட்டும் எப்படி அடையாளம் தெரியும்? நெருப்பு?"

"திரி நிக்கவே மாட்டேன்னுது. மூணு தரம் ஏத்தினேன்."

"அணைஞ்சதை மறுபடி ஏத்தினா அது வெறும் விளக்கு. புகை எந்தப் பக்கம் போச்சு?"

"ஆடிக் காத்துல்லா? மேக்கேருந்து அடிச்சுது. என் கண்ணுதான் எரிஞ்சுது."

"அவன் வீடு?"

"எனக்கு மேக்க."

சடைச்சி பொம்மைத் துண்டுகளை வெளியே வீசினாள். கோழிகள் ஓடி வந்து கிளறிப் பார்த்துவிட்டுப் போயின.

"மண்ணு, தண்ணி, நெருப்பு, காத்து. நாலும் உன் பேச்சைக் கேக்கல. மூணு வருஷம் படிச்சும் நீ ஒண்ணும் படிக்கல, ஆவுடை. இந்தப் பொம்மையால ஒரு எறும்பு கூடச் செத்திருக்காது."

ஆவுடைக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. தம்பி செத்த வீட்டில் வராத அழுகை இப்போது வந்தது. இவ்வளவு மட்டமான சிஷ்யையாக இருந்ததற்காக அவள் இதுவரை இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. குருவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

சடைச்சி அதோடு விட்டிருக்கலாம். குருமார்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"பூதம் அஞ்சுல்லா?"

"ஆகாயம்."

"ஆகாயத்துக்குக் குணம் என்ன?"

"சத்தம்."

"பேரைச் சொன்னியா?"

"சொல்லாம எப்படி? தளவாய் சாகணும், தளவாய் சாகணும்னு மூணு தரம் சொன்னேன்."

"மனசுக்குள்ளயா?"

"வாய்விட்டுத்தான். அப்போதானே பலிக்கும்?"

"அப்போ பக்கத்துல யாரு இருந்தா?"

ஆவுடை செம்பைக் கீழே வைத்தாள்.

"யாரு இருந்தா?"

"திரும்பினேன். தளவாய் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்."

"எதுக்கு வந்தான்?"

"தெரியல. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் என் வீட்டு வாசல்ல கால் வச்சான். நான் கேக்கல."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே திரும்பிப் போயிட்டான். போய்ப் படுத்தவன்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. இத்தனை நாளும் பொம்மையைப் பார்த்தே பயந்துகொண்டிருந்தவள் அவள்.



"அம்மா, அந்த மண்ணு சரியான மண்ணுதான். அவன் எப்பவாவது செருப்பில்லாமலும் நடப்பான்."

சடைச்சி செம்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"காத்து நடுவுல ஒரு தரம் திரும்புச்சு. நான் பாத்தேன். ஏவல்தாம்மா அது. ஏவல்னு சொல்லுங்க."

"ஆவுடை."

"ஏவல் வச்சுக் கொன்னவளுக்கும் பரிகாரம் உண்டுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? நாப்பத்தோரு நாள், அறுபது நாள், எத்தனை நாள்னாலும் செய்யுறேன். சாகுற வரைக்கும் செய்யுறேன். உண்டுதானே?"

"ஏவலுக்கு உண்டு" என்றாள் சடைச்சி.