வார்டு கதவில் ஒரு சிரிப்பு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என் அறைத்தோழன் சுடலைமணி சொன்னது. அவன் அப்பா ஒரு மடத்தில் சமையல்காரர். அவருக்கே பாதி கேட்டுத் தெரிந்ததுதான்.

மடத்தின் குரு ஈசான அடிகளுக்கு அப்போது நாற்பது வயது. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். குரு அவரை ஐயா என்பார், அவர் குருவைச் சாமி என்பார். குரு அவருக்குக் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்று. முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்தால் முதலில் நீங்கள் சிரிக்க வேண்டும்.

மடத்திலிருந்து தினமும் காலையில் மருத்துவமனைக்குக் கஞ்சி போகும். தீவிர சிகிச்சை வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு. ஊற்றுகிறவர் ஆவுடையப்பன். ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரிப்பார். பெரும்பாலும் யாரும் திருப்பிச் சிரிப்பதில்லை. "இந்த இடத்துல பல்லக் காட்டுற ஒரே ஆளு நீருதான்வே" என்று ஒருவர் கேலி செய்தாராம். அதற்கும் சிரித்தார்.

அங்கே காத்திருப்பவர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. கதவைத் திறந்து வருகிறவரின் முகத்தை வைத்துத்தான் உள்ளே என்ன என்று அவர்கள் தெரிந்துகொள்வார்கள். ஆவுடையப்பனுக்கு இது தெரியாமல் இல்லை. அன்று தோன்றவில்லை.

அன்று படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். காவலாளி அவரை வார்டு நடை வழியாகப் போகச் சொன்னார். அதனால் வாளியோடு அந்தக் கதவைத் திறந்து வெளியே வந்தார். எதிர் பெஞ்சில் செண்பகவல்லி என்று ஒரு பெண். பைக்கில் அடிபட்ட மகனை முந்தின நாள் மாலைதான் கொண்டுவந்திருந்தாள். புது முகம்.

அவர் சிரித்தார்.

அவள் எழுந்து ஓடி வந்தாள்.

"முழிச்சிட்டானா ஐயா?"

அவர் அடுத்த பெஞ்சுக்குப் போய்க் கஞ்சி ஊற்றத் தொடங்கினார். அவள் ஊருக்குப் போன் செய்து, மகன் கண் விழித்துவிட்டான் என்றாள். பக்கத்தில் இருந்தவர்களின் கையைப் பிடித்துப் பிடித்துச் சொன்னாள். கால் மணி நேரம் கழித்து டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். பையன் அதற்கு முன்பே இறந்திருந்தான்.

வெளியே வந்தபோது அவள் அழவில்லை. நேராக ஆவுடையப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க சிரிச்சீங்களே."



ஆவுடையப்பன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குருவிடம் போனார். நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன், ஒரு தாய்க்கு மகன் இரண்டு முறை செத்தான் என்றார். இனி எந்த மனிதரையும் பார்த்துச் சிரிக்க என்னால் ஆகாது, இந்தப் பயிற்சியிலிருந்து என்னை விட்டுவிடுங்கள் என்றார்.

குரு தன் இருக்கையை விட்டு இறங்கி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"சிரிக்கச் சொன்னது நான். இந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு. ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா ஐயா?"

"கேளுங்க சாமி."

"அந்தம்மா கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. பயந்துட்டேன். வாளியப் பாத்துக் குனிஞ்சுகிட்டேன்."

"ஊருக்குப் போன் பண்ணினப்ப?"

"ஊத்திக்கிட்டு இருந்தேன்."



"கால் மணி நேரம் ஐயா. அவ்வளவு நேரமும் அந்தச் சிரிச்ச முகத்த எங்க வச்சிருந்தீங்க?"



மறுநாள் காலை அவர் வழக்கம்போல வாளியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார் என்று சுடலைமணி முடித்தான். அப்படித்தான் முடிய வேண்டும் என்று எனக்கும் இருந்தது. போன பங்குனியில் அந்த மடத்துக்குப் போய் அவன் அப்பாவிடமே கேட்டேன். போகவில்லை என்றார். மடத்து மாட்டுக் கொட்டகையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாராம். சாகும்வரை, ஒன்பது வருஷம், அங்கேயேதான் இருந்தாராம்.