பேராசிரியர் போட்ட நல்ல விதி

சட்டம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் வேதகிரிக்கு அறுபத்தெட்டு வயதில் ஞானம் தேவைப்பட்டது. தம்மைவிட மிக இளையவரான மருத்துவர் பூங்கோதை அம்மையைக் குருவாக வரித்துக்கொண்டார். அம்மையின் ஆசிரமத்தில் தியான மண்டபம் கிடையாது. பெண்களுக்கான ஒரு சின்ன மருத்துவமனைதான் இருந்தது. சீடருக்கு வாசல் பொறுப்பு.

சட்டம் படித்தவர் வாசலில் சும்மா உட்காருவாரா? அம்மை வெளியூர் முகாமுக்குப் போயிருந்த மாதத்தில் ஒரு விதி போட்டார்: கருக்கலைப்புக்கு வரும் பெண் கணவரோடுதான் வர வேண்டும்.

அம்மை திரும்பிய அன்று காலை, செங்கல் சூளையில் வேலை செய்யும் கலாமணி தனியாக வந்து நின்றாள். முதல் இரண்டு பிரசவமும் ஆபரேஷன். மூன்றாவதை உடம்பு தாங்காது என்று பிரசவம் பார்த்த டாக்டர் எச்சரித்திருந்தார்.

"கணவர் எங்கே அம்மா?"

"போர்வெல் லாரியில போயிருக்காருங்க. பொங்கலுக்கு வந்துட்டு மறுபடி வடக்க போயிட்டாரு. வேணும்னா போன்ல பேசறீங்களா சாமி?"

"போனில் வருவது குரல். விதி ஆளைக் கேட்கிறது."

"அவரு வர்றதுக்குள்ள கலைக்கிற நாள் தாண்டிப் போயிருமுங்க."

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான்."

"அப்பச் சரிங்க. சந்தைப்பேட்டைல ஒருத்தி மாத்திரை தர்றாளாமா" என்று சொல்லிவிட்டு, மதிய மினி பஸ்ஸுக்காகச் சாலையோரம் போய் உட்கார்ந்தாள்.

அந்த வாக்கியம் பேராசிரியரை உறுத்தியது. எது உறுத்தினாலும் அதைத் தத்துவக் கேள்வியாக்கிவிடுவது அவர் வழக்கம்.

"அம்மை, ஒரு செயலை நோக்கத்தால் எடைபோட வேண்டுமா, விளைவாலா? கணவரோடுதான் வர வேண்டும் என்று நான் போட்ட விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கம் தெளியாத பெண் திரும்பும் வழியில் விழுந்துவிடக் கூடாது. அதுதான் நோக்கம். யாரையும் குறிவைக்கவில்லை."

கலாமணியைப் பற்றி மூச்சுவிடவில்லை. உதாரணங்கள் வாதத்தின் தூய்மையைக் கெடுத்துவிடும் என்பது அவர் கொள்கை.

"இலை போட்டாயிற்று, வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அம்மை முன்னால் போனார்.

பேராசிரியருக்கு முழங்கால் மடங்காது. சாப்பாட்டுக் கூடத்தில் சுவரோரப் பெஞ்சில்தான் சாப்பிடுவார். இன்று பெஞ்சைக் காணோம்.

"இன்று முதல் சம்மணம் போட்டுத் தரையில் உட்காருகிறவர்களுக்குத்தான் சோறு. நன்றாகச் செரிக்கும்" என்று அறிவித்தார் அம்மை.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். கத்தரிக்காய்ச் சாம்பாரின் மணத்துக்கு நடுவில் அவர் மட்டும் நின்றார்.

"அம்மை, என் முழங்கால்!"

"உங்களைக் குறிவைக்கவில்லை ஐயா. விதி எல்லோருக்கும் ஒன்றுதான்."

"விதி எல்லோருக்கும். பட்டினி எனக்கு மட்டுமா?"

"நோக்கம் செரிமானம். விதி போடும்போது உங்கள் முழங்கால் என் நினைவிலேயே இல்லை."

"நினைக்காததுதானே அம்மை குற்றம்!"

அவர் போட்ட சத்தம் சுவரில் மோதி அவர் காதுக்கே திரும்பி வந்தது. பரிமாறிக்கொண்டிருந்த நர்ஸ் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அம்மை நிதானமாகச் சோற்றைப் பிசைந்தார். "நீங்கள் திருப்பி அனுப்பியவர்கள் எந்த ஊர்க்காரர்கள்?"

வேதகிரி யோசித்தார். நகரத்துப் பெண்கள் கணவரின் காரில் வந்தார்கள், உள்ளே போனார்கள். திரும்பிப் போனவர்கள் எல்லோருமே, ஆண்கள் போர்வெல் லாரியோடு மாதக்கணக்கில் வடக்கே போய்விடும் கிராமத்துப் பெண்கள்.

வெளியே மினி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"ஐயோ, அவள் போகிறாள்!"

பேராசிரியர் ஓடினார். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி ஓடி, புறப்பட்டுவிட்ட பஸ்ஸுக்கு முன்னால் கையை விரித்து நின்றார். பிரேக் கிறீச்சிட்டது.

"யோவ் பெருசு! சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் கத்தினார்.

"கலாமணி, இறங்கி வாம்மா! அந்த விதி செத்துப் போச்சு!"

"யாரு செத்தது?" என்று பஸ்ஸுக்குள் பதறிப்போய் விசாரித்தார்கள். கலாமணி அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அம்மை கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "நன்றாக இருக்கிறாள். டீ கேட்டாள், கொடுத்தாயிற்று."

பேராசிரியர் நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். ஆனாலும் வாதம் பாக்கியிருந்தது. "அப்படியானால் என் நல்ல நோக்கம் வெறும் வீண்தானா, அம்மை?"

"யார் சொன்னது? வழியில் விழுந்துவிடக் கூடாது என்று நினைத்தீர்களே, அருமையான நினைப்பு. ஆட்டோ வந்திருக்கிறது. கூடவே போய், வீடு வரைக்கும் பத்திரமாக விட்டுவிட்டு வாருங்கள்."