புதைந்த ஜீப்

மடத்துக்கு வருமுன் பொன்னுலிங்கம் லாரி ஓட்டியவன். வண்டி விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பு, காவி கட்டிய பிறகும் அவனை விட்டுப் போகவில்லை. போகுமா என்ன?

ஒரு நாள் தேரிக்காட்டிலிருந்து தகவல் வந்தது. அந்தச் செம்மணல் மேடுகளுக்கு அப்பால் ஒரு குடிசையில் குழந்தைக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதிக்கிறதாம், கண்ணே திறக்கவில்லையாம். மடத்துப் பெரியவர் உடைமரத்துச் சாமி மருந்துப் பையை எடுத்தார்.

“மொபெட்ட எடு, போதும்.”

“அந்த ஓட்டை மொபெட்டா? பாக்கவன் மடத்தப் பத்தி என்ன நெனப்பான் சாமி? ஜீப்பு எதுக்கு இருக்கு? நாலு சக்கரமும் இழுக்கும். மலையே ஏறும்!”

பக்தர் ஒருவர் கொடுத்த புது ஜீப். தினமும் துடைத்து, முகம் பார்க்கலாம்போல வைத்திருந்தான். சாமி பையோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

மணல் தொடங்கும் இடத்தில் ஒரு ஆள் காத்து நின்றான். கையைக் காட்டி நிறுத்தினான்.

“டயர்ல பாதிக் காத்த எறக்கிட்டுப் போங்கய்யா. இல்லாட்டி புதையும்.”

“எனக்கேவா சொல்லித் தாரீரு?” என்று சிரித்துவிட்டு ஒரே மிதி. அந்த ஆள் வண்டிக்குப் பின்னால் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டான்.

குடிசைக் கூரை தெரிகிற தூரத்தில் ஜீப் புதைந்தது. மிதிக்க மிதிக்க அச்சு வரைக்கும் இறங்கியது. பொன்னுலிங்கம் குதித்திறங்கி, முன் சக்கரத்தடியில் கவிழ்ந்து, இரண்டு கையாலும் மணலை வாரினான். சாமி இறங்கியதை அவன் பார்க்கவே இல்லை.

பின்னால் ஓடிவந்தவன் வெகுநேரம் கழித்துத்தான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

“அய்யா, மருந்து...”

“வண்டி வந்தாத்தான்யா மருந்து வரும். தள்ளும்!”

அவன் தள்ளினான். முடியவில்லை. பிறகு கேட்காமலே நாலு டயரிலும் காற்றை இறக்கி, பனையோலை வெட்டிவந்து அடியில் போட்டு, மறுபடி தள்ளினான். “நல்லாத் தள்ளும்வே!” என்று உள்ளேயிருந்து அதட்டினான் பொன்னுலிங்கம். பொழுது சாய்கிற நேரத்துக்கு வண்டி ஒருவழியாக மேலே வந்தது.

வெற்றியோடு குடிசை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். “சாமி, வந்தாச்சு!” என்று திரும்பினால், பின் சீட்டில் சாமியும் இல்லை, பையும் இல்லை.

தள்ளிவந்தவன் அவனைத் தாண்டி உள்ளே ஓடினான். குழந்தையை வாரி மடியில் போட்டுக்கொண்டு தேம்பினான்.

“அழாதீங்க,” என்றாள் அவன் மனைவி. “சாமி அப்பவே நடந்து வந்து மருந்து குடுத்துட்டாரு. புள்ள கண்ணு முழிச்சிட்டா. அப்பா எங்கன்னுதான் கேட்டா.”

பொன்னுலிங்கத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. உள்ளே போகக் கால் வரவில்லை. அந்த மனிதன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

சாமி வெளியே வந்தார். பொன்னுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

“சாமி... இந்தக் காட்டுக்கு எந்த வண்டி தோது?”

சாமி காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

“எந்த வண்டியப் பாதியில விட்டுட்டு நடக்க உனக்கு மனசு வருமோ, அது.”